வலக்கையால் காட்டிய விடை

"வாய்மொழித் தேர்வில் தேர்வர் சொன்ன விடை சரியாக இருந்து, அதை அவர் எவ்வாறு அடைந்தார் என்பதும் ஐயமின்றி விளங்குமாயின், கையேட்டில் கண்ட முறையிலிருந்து அவரது முறை வேறுபட்டது என்ற ஒரே காரணத்துக்காக மதிப்பெண் குறைக்கலாகாது." தேர்வு நடத்தும் கையேடு, விதி பதினான்கு, உட்பிரிவு (இ).

இதை இன்றைக்கும் நான் பார்க்காமல் சொல்வேன். அந்தக் கையேட்டை ஸ்டென்சிலில் தட்டச்சு செய்தவன் நான். எங்கள் அலுவலகத்தில் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதை எழுதியவர். அது வெளிவருவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவன் நான். படிக்காமல் தட்டச்சு செய்யும் வித்தை எனக்குக் கடைசிவரை கைவரவில்லை.

நான் சொல்லவரும் அன்று அந்தக் கையேடு தேர்வுக் கூடத்தில்தான் இருந்தது. தேர்வுக்கென்று ஒரு கருவியை வைத்திருந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் இருந்தது.

திருவள்ளூரில் வயர்மேன் தேர்வுகளை நடத்திய ஒரு சின்ன அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். இலாகாவின் பெயர் வேண்டாம்; ஓய்வூதியம் இன்னும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. கடம்பத்தூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்திருந்தேன். பௌதிகம் படித்தவன் ஏன் எழுத்தர் வேலைக்கு வந்தாய் என்று கேட்பவர்களிடம், வேறு எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை என்ற உண்மையைச் சொல்லாமல், கோப்புகளின் இயக்க விதிகளை ஆராய வந்தேன் என்பேன். கோப்பு தானாக நகராது, யாராவது தள்ள வேண்டும், தள்ளுகிறவரை அது திருப்பித் தள்ளும் என்பதெல்லாம் அங்கே போய்த்தான் எனக்கு விளங்கியது.

இனி இன்னொரு விதி. இது எங்கள் கையேட்டில் இல்லை, பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பெயர் இடக்கை விதி. இடது கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்ட வேண்டும். சுட்டுவிரல் காந்தப்புலம் போகும் பக்கம், நடுவிரல் மின்னோட்டம் போகும் பக்கம். அப்போது கட்டைவிரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் விசை. மோட்டார் சுற்றுவது இந்த விசையால்தான். கம்பியே இல்லாமல் மின்துகள்கள் வெற்றிடத்தில் பறந்தாலும் இதே கதைதான்.

ஒரே ஒரு சிக்கல். மின்னோட்டத்தின் திசை என்று புத்தகம் சொல்வது நேர்மின் துகள் போகும் திசை. எலக்ட்ரானோ எதிர்மின் துகள். அது கிழக்கே ஓடினால் மின்னோட்டம் மேற்கே ஓடுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். எலக்ட்ரானைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே திசையை முடிவு செய்து கோப்பை மூடிவிட்டார்கள். மூடிய கோப்பைத் திறக்க உலகத்தில் எந்த அலுவலகமும் சம்மதிக்காது என்பதால் இன்றுவரை பிள்ளைகள் தலைகீழாகவே படிக்கிறார்கள்.

விதியைக் கண்டுபிடித்தவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவில்லை. இடது கைக்கு நம் ஊரில் ஒதுக்கப்பட்டிருக்கும் இலாகா ஒன்றே ஒன்று. அதன் வேலை நேரம் பெரும்பாலும் அதிகாலை. அந்தக் கையால் யாருக்கும் எதுவும் கொடுக்க மாட்டோம், வாங்க மாட்டோம். கடைக்காரரிடம் தெரியாமல் இடது கையை நீட்டிவிட்டால்கூட நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றி நீட்டுகிற ஜனங்கள் நாம். அந்தக் கையை, அதுவும் மூன்று விரலை விறைப்பாக விரித்து, ஓர் அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டு என்கிறது பௌதிகம்.

தேர்வு 1971 டிசம்பரில், பள்ளிக்கூடக் கூடம் ஒன்றில் நடந்தது. தேர்வாளர் ஒரு பொறியாளர். நல்ல மனிதர், வெற்றிலை பாக்குகூடக் கிடையாது. ஆனால் அந்த வருஷம் இலாகா அவருக்கு ஓர் ஆஸிலோஸ்கோப் வாங்கிக் கொடுத்திருந்தது. சின்ன வட்டத் திரை, நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. உள்ளே குழாயில் எலக்ட்ரான்கள் பின்னாலிருந்து பறந்து வந்து திரையில் மோதுவதால் உண்டாகும் புள்ளி அது. பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் புள்ளி நகரும். புதுப் பொம்மை கிடைத்தவர் சும்மா இருப்பாரா? வீட்டுக்கு ஒயரிங் செய்யும் ஆட்களுக்கு வைக்கிற தேர்வில் எல்லாரிடமும் எலக்ட்ரானைப் பற்றியே கேட்டார்.

நான் பதிவாளர். வாய்மொழித் தேர்வில் கேட்டதையும் சொன்னதையும் கார்பன் வைத்து மூன்று படியாக எழுதுவது என் வேலை.

அன்று காலையிலிருந்து நான் பார்த்த காட்சியை எந்தக் கூத்திலும் பார்த்ததில்லை. பாடம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இடது கையை எப்படி நீட்டுவது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரல்களை அமைத்துவிட்டுத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து விடை சொன்னார். இன்னொருவர் தன் முறை வருவதற்கு முன் வெளியே குழாயடிக்குப் போய் இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். மூன்றாமவர், "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று முதலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கையை நீட்டினார். இதையெல்லாம் பதிவில் எழுத இடம் இல்லை. எழுதியிருந்தால் இலாகாவில் யாராவது கோப்பை விரும்பிப் படித்திருப்பார்கள்.

மத்தியானத்துக்கு மேல்தான் இந்தக் கதைக்கு உரியவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். புதுவாயலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா, அம்மா இருவரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் எரிந்துபோன மோட்டார்களுக்கு மறுபடி காயில் சுற்றும் வேலை பார்த்துவிட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டு எழுந்திருந்த ஒரு புதுத் தொழிற்சாலையில் ஹெல்பராகச் சேர்ந்திருந்தார். அவரை வைண்டர் என்றே சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். விரல் நகங்களில் வார்னிஷ் காய்ந்து மஞ்சளாக இருந்தது.

பொறியாளர் வழக்கமான கேள்வியைப் போட்டார். "எலக்ட்ரான் உன்னைப் பார்த்து வருது. உனக்கு இடது பக்கத்துல காந்தத்தோட வடமுனை. புலம் இடதுலேருந்து வலது. புள்ளி எங்க போகும்? கையால காட்டிச் சொல்லு."

வைண்டர் யோசித்தார். பிறகு வலது கையை நீட்டினார். சுட்டுவிரல் வலப்பக்கம், நடுவிரல் தன் மார்பைப் பார்த்து. முழங்கையைக் கொஞ்சம் தூக்கிக் கையைத் திருப்பினார். கட்டைவிரல் தரையைக் காட்டியது.

"கீழ போவும் சார்."

பொறியாளர் காந்தத்தைக் கொண்டுபோனார். பச்சைப் புள்ளி மறுபேச்சில்லாமல் கீழே இறங்கியது.

"அது என்ன கை?"

"வலது கை சார்."

"விதி எந்தக் கைக்கு?"

"இடது கைக்கு சார். எலக்ட்ரானுக்கு வலது கையே நேரா வந்துரும் சார். அதும் இல்லாம..." அவர் தயங்கினார். "உங்க மூஞ்சிக்கு நேரா எப்படி சார் பீச்சாங்கைய நீட்றது?"

வாசலில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், பதிவாளர் சிரிக்கலாமா என்று கையேட்டில் இல்லாததால் அடக்கிக்கொண்டேன். பொறியாளருக்கு அது மரியாதையாகப் படவில்லை. காலையிலிருந்து நாற்பது இடது கைகளைப் பார்த்தவருக்கு அப்போதுதான் தன் முகத்துக்கு நேரே எது நீட்டப்பட்டது என்று உறைத்திருக்க வேண்டும். விடை தற்செயலாகச் சரியாகிவிட்டது, விதி தெரியவில்லை என்று சொல்லி, அந்தக் கேள்விக்குச் சுழி போட்டார். எந்தக் கை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்யும்படி என்னிடம் சொன்னார்.

நான் தெளிவாகத்தான் எழுதினேன். "தேர்வர் வலக்கையால் காட்டினார். சுட்டுவிரல் தேர்வரின் வலப்புறம், நடுவிரல் தேர்வரின் மார்பு நோக்கி, கட்டைவிரல் கீழ்நோக்கி. விடை: கீழே."

அவர் செய்தது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். இடது கையால் காட்டுகிறவர் நடுவிரலை எலக்ட்ரானுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். இவர் நடுவிரலை எலக்ட்ரானோடு போகவிட்டுக் கையை மாற்றிக்கொண்டார். இரண்டுக்கும் விடை ஒன்றுதான். விதி பதினான்கு (இ) மேசைக் காலுக்கு அடியில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் விதி ஒன்பது, பதிவாளர் தேர்வின்போது வாய் திறக்கலாகாது என்கிறது. அதையும் தட்டச்சு செய்தவன் நான். வாய் திறக்கவில்லை. "கையால் காட்டினார்" என்று மொட்டையாக எழுதியிருந்தாலாவது அந்தச் சுழிக்குப் பதிவில் ஆதாரம் இருந்திருக்காது. துல்லியமாக எழுதுவது என்ற கெட்ட பழக்கம் என்னை விடவில்லை.

அந்த ஒரு சுழியால் அவர் தேறவில்லை.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். தொழிற்சாலையில் நிரந்தர வயர்மேன் வேலை ஒன்று இருந்தது. மேலாளர் அதை இவருக்கென்றே வைத்திருந்தார். சான்றிதழ் கொண்டுவா, அன்றைக்கே நியமனம் என்று சொல்லியிருந்தார். சான்றிதழ் இல்லாவிட்டால் ஹெல்பர்தான். ஹெல்பரை எப்போது வேண்டுமானாலும் நாளைக்கு வராதே என்று சொல்லலாம், வயர்மேனை முடியாது. விஷயம் அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் தன் வீட்டுக் கதை எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் அவரிடம் மிக எளிய வழியைச் சொன்னேன். ஆறு மாதத்தில் அடுத்த தேர்வு. வந்து இடது கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனால் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

"தப்பா சொன்னவன் திருப்பி வருவான் சார்," என்றார். "நா இன்னாத்துக்கு வரணும்? புள்ளி கீழதான போச்சு? நீங்களும் பாத்தீங்க, அவரும் பாத்தாரு."

"பார்த்தேன். பார்த்ததுக்கு மதிப்பெண் இல்லைப்பா."

"மோட்டாரப் பத்தி கேட்டிருந்தாலும் வலது கையிலயே காட்டி, கட்டைவிரலுக்கு எதிர்ப்பக்கம்னு சொல்லியிருப்பேன் சார். எனக்கு அதுவும் தெரியும். இந்தக் கையி தப்புனா இந்தக் கையி சுத்துன மோட்டாரெல்லாம் எப்படி ஓடிக்கினு கீது?"

மேல்முறையீட்டுக்கான படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அது எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. எல்லாவற்றையும் நானே எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து என் கையெழுத்தைவிட அழகாக இருந்தது.

மனுவை நேராகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப முடியாது. எந்த அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடோ, அந்த அதிகாரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். பொறியாளர் அதில், "இடக்கை விதியை இடக்கையால் காட்ட வேண்டும் என்பது விதியின் பெயரிலேயே தெளிவு" என்று எழுதி அனுப்பிவைத்தார். நேர்மையான வாதம். அதை மறுக்க யாருக்கும் தோன்றாது.

நாலு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து முதல் கேள்வி வந்தது. மனுதாரர் இடது கையைப் பயன்படுத்தாததற்கு உடல் குறைபாடு காரணமா? ஆமெனில் மருத்துவச் சான்று இணைக்கவும். இல்லையெனில் இல்லை என்பதற்கு மருத்துவச் சான்று இணைக்கவும். வைண்டர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்கப் போனார். மருத்துவர் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னதான் பிரச்சினை என்று கேட்டிருக்கிறார். இரண்டு கையும் நன்றாக இருப்பதுதான் பிரச்சினை என்று இவர் சொல்லியிருக்கிறார். "இரு கைகளும் இயல்பாக உள்ளன. விரல்கள் பத்து" என்று சான்று கிடைத்தது. அனுப்பினேன்.

அடுத்து, விதி பதினான்கு (இ) என்று மனுவில் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அப்படி ஒரு விதி இருப்பதாகத் தெரியவில்லை, நகல் அனுப்புக என்று கேட்டார்கள். தலைமை அலுவலகத்தின் பிரதி காணாமல் போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் மேசையைத் தூக்கி நம் பிரதியை எடுத்துவந்தேன். அந்தப் பக்கத்தில் மேசைக் கால் வட்டமாகப் பதிந்து முத்திரை குத்தினாற்போல் இருந்தது. தலைமை அலுவலகத்தில் அதை முத்திரை என்றே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அசல்தானா என்று சந்தேகம் கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே ஆவணம் அதுதான். மேசை அதன்பிறகு ஆடிக்கொண்டே இருந்தது.

அடுத்து, நிபுணர் கருத்து. பட்டணத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு எழுதினார்கள். அவர் ஏழு மாதம் கழித்து மூன்று பக்கம் எழுதினார். திசைவேகத்தையும் காந்தப்புலத்தையும் குறுக்குப் பெருக்கல் செய்ய வேண்டும், அதற்கு வலது கைதான் வசதி, துகள் எதிர்மின்னாக இருந்தால் விடையைத் திருப்பிக்கொள்ள வேண்டும், இடக்கை விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதையே நிறுத்தலாம் என்பது அவர் கட்சி. தேர்வர் சரியா தப்பா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. "கைகள் குறித்துத் தங்கள் கருத்து என்ன" என்றுதான் கேட்டிருந்தார்கள்.

இதிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு ஒரு புதுச் சந்தேகம். "பேராசிரியர் குறிப்பிடும் வலக்கையும் தேர்வர் காட்டிய வலக்கையும் ஒன்றா என்பதைத் தெளிவுபடுத்தவும்." கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அப்படியேதான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அது நியாயமான கேள்வி. பேராசிரியரின் வலக்கையில் விரல்களுக்கு வேறு வேலை, வைண்டரின் வலக்கையில் வேறு வேலை. இலாகா தன் வாழ்நாளில் கேட்ட ஒரே நல்ல கேள்வியை என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டுவிட்டது.

இந்தக் கேள்விக்கு வைண்டர் கையெழுத்தோடு விளக்கம் அனுப்ப வேண்டும். தபாலில் அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். பெரியபாளையம், ஆரணி வழியாகப் பேருந்து பிடித்து நானே புதுவாயல் போய், அங்கிருந்து அவருடைய தொழிற்சாலைக்குப் போனேன். அதற்குள் ஒன்றேமுக்கால் வருஷம் ஓடியிருந்தது.

தொழிற்சாலையில் மேலாளர் எத்தனை நாள் காத்திருப்பார்? சான்றிதழ் வைத்திருந்த வேறொருவரை வயர்மேனாகப் போட்டிருந்தார். தாற்காலிகம் என்றுதான் பேச்சு. வேலையெல்லாம் வைண்டர் செய்வார், புத்தகத்தில் கையெழுத்து மட்டும் அந்தச் சான்றிதழ்காரர் போடுவார். நான் போன அன்று வாசலிலேயே ஒரே களேபரம். கப்பல் உடைக்கும் இடத்திலிருந்து வாங்கிவந்த பழைய டி.சி. மோட்டார் ஒன்றைச் சரக்குத் தூக்கும் வின்ச்சில் மாட்டியிருந்தார்கள். மேலே போகும் பொத்தானை அழுத்தினால் கொக்கி கீழே வந்தது. சான்றிதழ்காரர் ஏணியில் ஏறி, மோட்டாருக்குப் போகும் கம்பிகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மாற்றி முடுக்கிவிட்டு இறங்கினார். பொத்தானை அழுத்தினார். கொக்கி அதே மரியாதையோடு கீழே வந்தது. இன்னொரு தரம் ஏறினார், இன்னொரு தரம் எல்லாவற்றையும் மாற்றினார். கொக்கி கீழே வந்தது.

வைண்டர் சுவரோரம் ஒரு கேபிள் சுருளின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டால்தானே சொல்வார். கடைசியில் மேலாளரே வந்து கேட்டார்.

"காந்தத்துக்குப் போவுற ஒயரு, சுத்துற காயிலுக்குப் போவுற ஒயரு, ரெண்டையும் மாத்துனா ஒண்ணும் மாறாது சார். ஒண்ண மட்டும் மாத்தணும்."

ஏறினார். இரண்டே கம்பி. கொக்கி மேலே போனது.

டீக்கடையில் உட்கார்ந்து தலைமை அலுவலகத்தின் கேள்வியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். வின்ச்சில் சொன்னதேதான் இதற்கும் பதில் என்றார். காந்தத்தை மாற்றினால் தள்ளும் பக்கம் மாறும். மின்னோட்டத்தை மாற்றினாலும் மாறும். இரண்டையும் மாற்றினால் பழையபடி. அதுபோலத்தான், இடது கையை வலது கையாக்கியது ஒரு மாற்றம், நேர்மின்னை எதிர்மின்னாக்கியது இன்னொரு மாற்றம். இரண்டும் கழிந்துபோய் விடை அப்படியே நிற்கிறது.

நான் பி.எஸ்ஸி.யில் மூன்று வருஷம் படித்ததை யாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அவர் சொன்னதை இலாகா மொழியில் இரண்டு பக்கமாகப் பெருக்கி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். சுருக்கமாக எழுதினால் மேலே நம்பமாட்டார்கள்.

பிறகு, ரொம்ப நாளாக மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வலக்கை என்று எழுதியவன் நான், எழுதாமல் விட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, எனக்குச் சரி என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"எழுதுனது தப்பில்ல சார். எந்தக் கையின்னு எழுதாம உட்டிருந்தா நா இடது கையதான் நீட்டுனேன்னு ஆயிருக்கும். அத எவன் ஒத்துக்குவான்?" கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வாயத் தொறந்திருக்கலாம்," என்றார்.

அதோடு விட்டுவிட்டார். அவர் இன்னும் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் திரும்பி வருகிற பேருந்தில் தூக்கம் வந்திருக்கும்.

அந்த விளக்கத்தின் கூடவே நான் என் பெயரில் ஒரு குறிப்பும் வைத்தேன். பதிவாளர் தேர்வின்போதுதான் வாய் திறக்கக் கூடாது, தேர்வு முடிந்து ஒன்றேமுக்கால் வருஷம் கழித்துத் திறக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. தேர்வர் காட்டியது சரியான முறை என்றும், அதை நான் அப்போதே அறிந்திருந்தேன் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். பொறியாளர் வழியாகத்தானே அனுப்ப வேண்டும்? அவர் படித்தார். தன் வலது கையை எடுத்து, மேசைக்கு அடியில் நான் பார்க்காதபடி மூன்று விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு ஒரு வார்த்தையும் சேர்க்காமல், "மேலனுப்பப்படுகிறது" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னோடு அவர் சில மாதம் பேசவில்லை. ஆனால் அடுத்த தேர்வில் ஆஸிலோஸ்கோப் வரவில்லை. சுவிட்சைக் கழற்றி மாட்டச் சொன்னார், ஃபியூஸ் போடச் சொன்னார். தேர்வர்கள் நிம்மதியாக வலது கையால் செய்துவிட்டுப் போனார்கள்.

அந்தத் தேர்வுக்கும் வைண்டர் வரவில்லை. அதற்கடுத்த தேர்வுக்கும் வரவில்லை. நான் நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, மூன்றாம் நினைவூட்டு. மூன்றாவதற்குப் பிறகு என்ன செய்வது என்று கையேட்டில் இல்லாததால் மறுபடி முதலாவதிலிருந்து தொடங்கினேன்.

இதற்கிடையில் சான்றிதழ்காரர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வயர்மேன் இடம் மறுபடி காலி. வைண்டர் எனக்கு ஒரு கார்டு எழுதினார். இந்தத் தரம் தீபாவளிவரைதான் பொறுப்பேன், பிறகு வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். ஹெல்பராக இருப்பது இன்னும் எத்தனை நாளைக்கு என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று ஒரு வரி. மாமனார், "ஒரு கைய நீட்டத் தெரியாம கெட்டான் என் மாப்ள" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று இன்னொரு வரி. அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கே நேரில் போய், எந்தப் பிரிவில் கோப்பு இருக்கிறது என்று ஒவ்வொரு மேசையாகக் கேட்டேன். இது விதிப்படி எனக்குக் கூடாத காரியம். என் பணிக்காலத்தில் நான் மீறிய விதி அது ஒன்றுதான், அதைச் செய்தபோது வாங்கிக்கொண்டுபோன மல்லாக்கொட்டைப் பொட்டலத்தை ஒரு மேசையில் மறந்து வைத்துவிட்டு வந்ததாகவும் ஞாபகம். மறந்தா வைத்தேன் என்று இப்போது கேட்காதீர்கள்.

கோப்பு அனுப்புகைப் பிரிவில் இருந்தது. முடிவு எடுத்து, கையெழுத்தாகி, பழுப்புக் கவரில் போட்டு ஒட்டியாயிற்று. கவரின் மேல் முகவரி எழுதுகிறவர் நீண்ட விடுப்பில் இருந்தார். முகவரி எழுதுவது வேறு யாருடைய வேலையும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அது எனக்குத் தபாலில் வந்தது. முகவரியை யாரோ எழுதியிருந்தார்கள்; கவரின் மூலையில் ஒரு மல்லாக்கொட்டைத் தோல் ஒட்டியிருந்தது. ஒரே பக்கம். விதி பதினான்கு (இ)-யின்படியும், பதிவாளர் விரல்வாரியாகப் பதிவு செய்துள்ள விவரங்களின்படியும், தேர்வர் கையாண்ட முறை எதிர்மின் துகளுக்குப் பொருந்துவதாகக் கருதப்படுவதால், அக்கேள்விக்கு முழு மதிப்பெண்ணும் வழங்கி, தேறியதாக அறிவிக்கப்படுகிறது. கடைசி வரி: "இது பிற நேர்வுகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளப்படலாகாது." எலக்ட்ரான்களுக்கு இதன் நகல் அனுப்பப்பட்டதாகத் தெரியவில்லை.

அன்றைக்கே அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுவாயல் பேருந்தில் ஏறினேன். பொறியாளர் விடுப்புச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது, எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. "நான் சொன்னதாச் சொல்லுங்க," என்றார். என்ன சொன்னதாக என்று அவரும் சொல்லவில்லை.

வைண்டர் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். கை இரண்டிலும் கிரீஸ். சட்டையில் துடைத்துக்கொண்டு வலது கையால் வாங்கி, நின்றபடி இரண்டு தரம் படித்தார். உதடு அசைந்தது. பொறியாளர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "இன்னா சொன்னாரு?" என்றார். தெரியவில்லை என்றேன். "சரி, நானும் சொன்னேன்னு சொல்லுங்க," என்றார்.

பிறகு தாளின் மேல் மூலையைப் பார்த்தார்.

"ஜனவரின்னு போட்டிருக்கே சார்."

ஜனவரியில்தான் கையெழுத்தானது, அதற்குப் பிறகு முகவரிக்காகக் காத்திருந்தது என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்துத் தாளைத் திருப்பிப் பிடித்தார்.

"எப்ப வந்து சேந்துதுன்னு பின்னால எழுதிக் குடுங்க சார். இல்லாட்டி ஏழு மாசமா நாதான் வச்சிருந்தேன்னு ஆயிரும். நீங்க எழுதுனா சரியா எழுதுவீங்க."

வாசல் சுவரில் வைத்து எழுதினேன். பெறப்பட்ட நாள்: 1974 ஆகஸ்ட் 14, புதன்கிழமை.